விரல் அறிந்த எழுத்து

பெங்களூரின் காக்ஸ் டவுனில் குடியேறிய தமிழர்க்குக் கன்னடம் நாவில் விரைவில் பழகிவிடும். தெருப் பலகையின்முன் கண் மட்டும் தயங்கி நிற்கும். பார்வையற்ற தமிழாசிரியர்க்கு இத்தயக்கம் பெரும்பாலும் இல்லை என்றால் நேயர்கள் வியக்கக்கூடும்.

அப்பகுதியை உள்ளடக்கிய கண்டோன்மென்ட் எழுந்தது 1809-இல். அதே ஆண்டிலேதான் பிரான்சில் லூயி பிரெயில் பிறந்தார். இளமையிலேயே பார்வை இழந்த அவர், 1824-இல் ஆறு புள்ளிகளாலான எழுத்து முறையை வகுத்து, தாம் பயின்ற பாரிஸ் பள்ளியிலேயே ஆசிரியருமானார்.

இம்முறை இந்தியாவுக்கு வந்தபோது மொழிக்கு மொழி வேறுபட்டது. பாளையங்கோட்டையில் 1890-இல் பார்வையற்றோர் பள்ளி நிறுவிய ஆஸ்க்வித் அம்மையார் தமிழுக்கென ஒன்றை அமைத்தார். 1951-இல் பாரதி பிரெயில் ஏற்கப்பட்ட பின்னரே பாரத மொழிகள் ஒரே புள்ளி வரிசைக்குள் வந்தன. ககரத்துக்குத் தமிழிலும் கன்னடத்திலும் அதே இரண்டு புள்ளிகள்தாம். தமிழில் இல்லாத ஒலிகளுக்குரிய எழுத்துகளைப் புதிதாகக் கற்றுக்கொண்டால், தமிழ் படித்த விரல் கன்னட ஏட்டையும் படிக்கும். (பொருள் விளங்க மொழியையும் கற்க வேண்டும் என்பது வேறு செய்தி!)

எழுதுவதற்குப் பிரெயில் பலகையும் ஊசியும் போதும். வலமிருந்து இடமாகக் குத்தித் தாளைத் திருப்பினால், எழுத்து இடமிருந்து வலமாக மேலெழுந்து நிற்கும்.

இன்று கணினித் திரையை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள்கள் உள. ஆஸ்திரேலியரான மைக்கேல் கர்ரன், தாமும் பார்வையற்றவர், 2006-இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. விலையின்றியே கிடைக்கிறது. ஆயினும் மாணவன் ‘மனம்’ என்பதில் றன்னகரத்துக்குப் பதிலாகத் தந்நகரத்தை இட்டுவிட்டால், தொடர்ந்து ஒலிக்கும் குரலில் அப்பிழை தெரியாது. அதையே புள்ளியாக்கித் தடவும் ஆசிரியரின் விரல் அவ்விடத்தில் நின்றுவிடும்.