குழலுக்குள் உப்பு

மரக்காணத்தில் இரும்புக்கு ஆயுசு குறைவு. சன்னல் கம்பி, சைக்கிள் செயின், கதவுத் தாழ்ப்பாள், எதுவானாலும் உப்பளத்துக் காற்று சில மழைக்காலங்களில் தின்று தீர்த்துவிடும். எங்கள் வீட்டில் இரும்பைக் காப்பாற்றத் தெரிந்தவர் பெரியப்பா ஒருவர்தான். ஆயுதப்படைப் போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கையில் பழகிய இரும்பு, 'த்ரீ நாட் த்ரீ' என்று எல்லோரும் சொல்லும் லீ என்ஃபீல்டு ரைஃபிள்.

"சுட்டு முடிச்சதும் குழல்ல முதல்ல என்னடா ஊத்தணும்?" என்று கேட்பார்.

"எண்ணெய்."

"போடா. கொதிக்கிற தண்ணி. எண்ணெய் போட்டா உப்பு போவுமா? மேல மூடிக்கிட்டு உள்ள தின்னும்."

துப்பாக்கிக்குள் உப்பு எங்கிருந்து வந்தது? கடற்காற்றைச் சொல்கிறார் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். அந்த உப்பு தோட்டாவிலேயே இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தக் காலத் தோட்டாவின் அடியில், ஊசி இடித்ததும் தீப்பற்றும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்தால் மிஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு, நம் சாப்பாட்டு உப்பின் பங்காளி. குழலுக்குள் படிந்து காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைத் துருவாக்கும். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். தண்ணீர் கொதிநிலையில் இருந்தால் குழல் சூடாகி உடனே காய்ந்தும் விடும். அதன் பிறகுதான் சிந்தித் துணியும் எண்ணெயும். ரைஃபிளின் கட்டைக்குள் ஒரு சிறு பொந்து உண்டு. துணியைக் குழல் வழியாக இழுக்கும் கயிறும் பித்தளை எண்ணெய்ப் புட்டியும் அதற்குள் இருக்கும்.

இந்த ரைஃபிளின் பெயர் பெற்ற வடிவம் 1907-ல் வந்தது. பத்துத் தோட்டா கொள்ளும். வங்காளத்தின் இஷாப்பூர் தொழிற்சாலை லட்சக்கணக்கில் செய்தது. விடுதலைக்குப் பிறகு ராணுவம் கைவிட்டும் போலீஸ் விடவில்லை. உத்தரப் பிரதேசப் போலீஸ் இதற்கு விடை கொடுத்ததே 2020 ஜனவரி 26-ல்தான்.

1919 ஏப்ரல் 13, ஜாலியன்வாலா பாக். டயரின் உத்தரவில் ஐம்பது சிப்பாய்கள் சுமார் பத்து நிமிடம் சுட்டார்கள். 1,650 ரவுண்டு. அரசுக் கணக்கிலேயே 379 பேர் செத்தார்கள். அந்தக் கைகளில் இருந்ததும் த்ரீ நாட் த்ரீதான். சுட்ட ரைஃபிளைக் கழுவி, எண்ணெய் தடவி, அடுக்கில் வைப்பது ராணுவ ஒழுங்கு. அந்தக் குழல்களுக்கும் அதே ஒழுங்குதான்.

பெரியப்பாவிடம் ஒருநாள் கேட்டேவிட்டேன்: "ஆளைப் பார்த்துச் சுட்டிருக்கீங்களா?"

"ரேஞ்சுல சுட்டாலும் ரோட்டுல சுட்டாலும் ஊத்துற தண்ணி ஒண்ணுதான்டா" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

1930-ல், அதே ஏப்ரல் 13-ஆம் தேதி, ராஜாஜி தொண்டர்களோடு திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடக்கத் தொடங்கினார். ஏப்ரல் 30 அன்று உப்பு அள்ளிக் கைதானார். அதே ஆண்டு சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கியது. எஸ். பரமசிவன் அங்கே வெண்கலச் சிலைகளை அரிக்கும் குளோரைடை மின்பகுப்பு முறையில் வெளியேற்றினார். தெற்கே உப்பை அள்ளியது குற்றம். எழும்பூரில் உப்பை வெளியே எடுப்பது வேலை.

பழைய ரைஃபிளைப் பாதுகாப்பதும் அடிப்படையில் இதே வேலைதான். இரும்பைக் காரக் கரைசலில் ஊறவைத்து, கரைசலை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதில் ஒரு துளியை எடுத்து அமிலமாக்கி வெள்ளி நைட்ரேட் விட்டால் வெண்மையாகத் திரளும். திரள்வது நிற்கும் வரைக்கும் ஊறல். பிறகு டானிக் அமிலம், மெல்லிய மெழுகு. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. இஷாப்பூர் ரைஃபிளில் கிரீடம், ஜி.ஆர்.ஐ. எழுத்துகள், ஊர்ப் பெயர், ஆண்டு, எண் எல்லாம் பொறித்திருக்கும். தேய்த்தால் அவைதான் முதலில் போகும்.

வெளிநாட்டு வீடியோ ஒன்றைப் பெரியப்பாவிடம் காட்டினேன். துருப்பிடித்த ரைஃபிளை ஒருவர் மிஷினில் தேய்த்துக் கண்ணாடிபோல் ஆக்குகிறார். பெரியப்பா பதறிப்போனார். "அடப்பாவி, நம்பர அழிச்சுட்டான்டா! யார் கையில இருந்துச்சுன்னு இனிமே எவன் சொல்லுவான்?"

நம் ஊரில் அப்படி வீட்டில் உட்கார்ந்து செய்யவும் முடியாது. 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி துப்பாக்கியைப் பழுதுபார்க்கவே உரிமம் வேண்டும். பிரிவு 45 பழம்பொருளுக்கு விலக்கு தருகிறது. ஆனால் பழுதுபார்த்தாலும்கூடச் சுட முடியாததாக அது இருக்க வேண்டும். சுடும் சக்தி மீளாமல் இருந்தால்தான் அது பழம்பொருள்.

எனக்கு அது சரியென்றே படுகிறது. உப்பை எடுத்துவிட வேண்டும், எண்ணை விட்டுவைக்க வேண்டும். பெரியப்பாவுக்கு இப்போது பேரப்பிள்ளைகளின் பெயரே மாறிப்போகிறது. அவருடைய ரைஃபிளின் பட் நம்பரைக் கேட்டுப் பாருங்கள், யோசிக்காமல் சொல்வார்.