சுருட்டி வைத்த சரவெடி

சிவகாசிப் பக்கம் போனவர்கள் கவனித்திருப்பீர்கள். பட்டாசுத் தொழிற்சாலை என்றால் ஒரே பெரிய கட்டடம் அல்ல. பொட்டல் வெளியில் சின்னச் சின்ன அறைகளாக, ஒன்றுக்கொன்று எட்ட எட்ட நிற்கும். ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் கூடாது என்று விதி. ஓரிடத்தில் பற்றினால் அடுத்த அறைக்குத் தாவக் கூடாது, அதற்குத்தான் இத்தனை இடைவெளி. அப்படியும் தாவி எத்தனை உயிர்கள் போயிருக்கின்றன என்பது விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும்.

இன்னொன்று, சரவெடி. பத்தாயிரம் வாலாவைத் தெருவில் நீளமாக விரித்தால் நெருப்பு ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். சுருட்டின சுருட்டிலேயே பற்றவைத்தால் (செய்து பார்க்காதீர்கள், நான் சொல்வதை நம்புங்கள்!) எங்கோ கடைசியில் இருக்க வேண்டிய வெடி, முதல் வெடிக்குப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். பொறி நேரே அங்கே தாவிவிடும். விரித்தால் தூரம், சுருட்டினால் பக்கம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நீலகிரியில் ஆரம்பிக்கும் ஒரு கதைக்குத் தேவைப்படும்.

ஹெர்மன் லேமன், ஹிட்லரின் ஜெர்மனியை விட்டு இங்கிலாந்துக்கு வந்த மருத்துவர். இரண்டாம் உலகப் போரின்போது ராணுவ மருத்துவராக இந்தியாவிலும் இருந்தவர். அவரும் மேரி கட்புஷ் என்ற ஆய்வாளரும் 1952-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தில் அரிவாள் வடிவச் சிவப்பணுக்கள்! ஆப்பிரிக்க வம்சாவளியினரின் நோய் என்றே அதுவரை பெரும்பாலும் நினைத்திருந்தார்கள். (அதே வருடம் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் அது தெரியவந்தது.) அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் இந்தக் குறை வந்துவிட்டால் போச்சு. வளைந்த செல்கள் நுண்ணிய ரத்தக் குழாய்களை அடைத்துக்கொள்ளும். எலும்புக்குள்ளே உயிர்போகிற வலி.

இதில் ஒரு புதிர். நியூயார்க்கில் ஜேனட் வாட்சன் என்ற குழந்தை மருத்துவர் 1948-லேயே எழுதிவிட்டார்: இந்த நோயோடு பிறந்த சிசுக்களுக்கு முதல் சில மாதம் ஒன்றுமே செய்வதில்லை! காரணம், தாய் வயிற்றில் இருக்கும்போது குழந்தைக்கு வேறு ஹீமோகுளோபின். தாயின் ரத்தத்திலிருந்து ஆக்ஸிஜனை இழுத்துக்கொள்ள அதுதான் தோது. பிறந்த சில மாதங்களில் அது நின்று, பெரியவர்களின் ஹீமோகுளோபின் வந்துவிடுகிறது. கோளாறு இந்த இரண்டாவதில்தான். முதலாவதன் ஜீன் எங்கே போனது? எங்கும் போகவில்லை. சாகும்வரை உள்ளேயே இருக்கிறது, வாயை மூடிக்கொண்டு.

யார் மூட வைத்தது? 1980-களில் ஐரோப்பாவில் ஒரு ரத்தசோகை நோயாளியைச் சோதித்தார்கள். ஹீமோகுளோபின் ஜீனில் எழுத்துப்பிழை இல்லை. ஆனால், அது வேலை செய்யவில்லை! வெகு தூரத்தில், முன்னால் ஒரு துண்டு காணாமல் போயிருந்தது. அங்கேதான் சுவிட்ச் இருக்கிறது என்று 1987-ல் லண்டனில் ஃபிராங்க் குரோஸ்வெல்ட் குழு காட்டியது. பெரியவர்களின் ஜீனுக்கும் அந்த சுவிட்சுக்கும் நடுவே சுமார் 50 ஆயிரம் எழுத்துகள். அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு எப்படிப் பற்றவைக்கிறது?

இப்போது சரவெடியை எடுங்கள். ஒரு செல்லில் உள்ள டி.என்.ஏ.வை நீட்டினால் இரண்டு மீட்டர். அது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுள்ள உருண்டைக்குள் சுருண்டு கிடக்கிறது. 2002-ல் ராட்டர்டாமில் எலியின் செல்களில் பார்த்தார்கள். ரத்தம் உண்டாக்கும் செல்லில் டி.என்.ஏ. வளைந்து, சுவிட்சும் ஜீனும் பக்கத்தில் பக்கத்தில். மூளை செல்லில் அதே டி.என்.ஏ. வளையாமல் கிடக்கிறது! கருவில் சுவிட்ச் ஒரு ஜீனைத் தொடுகிறது. பிறந்தபின் மடிப்பு மாறி அடுத்ததைத் தொடுகிறது. எழுத்து ஒன்றுதான், மடிப்புதான் வேறு.

சிவகாசி அறைகளைப் போல டி.என்.ஏ.விலும் தடுப்புகள் உண்டு. பெர்லினில் ஸ்டெஃபான் முண்ட்லோஸ் குழு 2015-ல் காட்டியது இது: தடுப்பு அழிந்தால் ஒரு ஜீனின் சுவிட்ச் பக்கத்து ஜீனைப் பற்றவைத்து, குழந்தையின் விரல்கள் கோணலாக உருவாகின்றன.

சரி, மடிப்பைத் திரும்ப மாற்ற முடியுமா? 2014-ல் ஃபிலடெல்ஃபியாவில் ஜெர்ட் ப்ளோபெல் குழு, பெரியவர்களின் ரத்த செல்லில் சுவிட்சை வலுக்கட்டாயமாகப் பழைய ஜீனுக்கு வளைத்தது. கருவின் ஹீமோகுளோபின் மறுபடி சுரந்தது! அதற்கு முன்பே, 2008-ல், ஹார்வர்டில் ஸ்டூவர்ட் ஆர்கினும் விஜய் சங்கரனும் பழைய ஜீனை அடக்கிவைக்கும் காவல்காரனைக் கண்டுபிடித்திருந்தார்கள். பி.சி.எல்.11.ஏ என்பது பெயர். இந்தக் காவல்காரனுக்கு மற்ற செல்களில் வேறு வேலை உண்டு, ஒழித்துக்கட்ட முடியாது. எனவே, ரத்த செல்லில் அவனை எழுப்பும் சுவிட்சை மட்டும் வெட்டிவிடுகிறார்கள். இந்த 'காஸ்ஜெவி' சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும், டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதி தந்தன.

அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர். நம் பணத்தில் 18 கோடிக்கு மேல்.

நீலகிரி இருளர் வீட்டுப் பிள்ளைக்கு? வேலூர் சி.எம்.சி.யிலும் டெல்லியிலும் குறைந்த செலவில் சிகிச்சை தர ஆராய்ச்சி செய்கிறார்கள். அதுவரை கைகொடுப்பது ஹைட்ராக்ஸியூரியா என்ற மலிவான மாத்திரை. தினமும் சாப்பிட வேண்டும். அதுவும் வேறு வழியில் அந்தப் பழைய ஜீனைத்தான் கொஞ்சம் பேசவைக்கிறது.