சோழமண்டலம்: ஓவியர்கள் நிலம் வாங்கிய வரலாறு

சென்னைக்குத் தெற்கே, திருவான்மியூரைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்றால் ஈஞ்சம்பாக்கம் வருகிறது. அங்குள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமம் 1966ஆம் ஆண்டில் ஓவியர் கே. சி. எஸ். பணிக்கரின் முயற்சியால் தொடங்கப்பட்டது. ஓவியர்களும் சிற்பிகளும் தம் கைத்தொழிலால் ஈட்டிய பணத்தில் நிலம் வாங்கி, வீடு கட்டி, கூடி வாழ்ந்த குடியிருப்பு இது. சோழ நாட்டுக் கடற்கரையைக் குறிக்கும் பழம்பெயரே இதற்கும் இடப்பட்டது.

நிலக்காட்சி ஓவியர் பணிக்கர்

பணிக்கர் 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். இளமையில் மலபார்ப் பகுதியின் தென்னந்தோப்புகளையும் நீர்நிலைகளையும் நீர்வண்ணத்தில் வரைந்து பழகினார். தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்தபின், 1936இல் சென்னைக் கலை, கைவினைப் பள்ளியில் சேர்ந்தார். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய அப்பள்ளிக்கு அப்போது தேவி பிரசாத் ராய் சௌத்ரி தலைவராக இருந்தார். பணிக்கர் 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தை நிறுவினார். 1957இல் அதே பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

1954இல் ஐரோப்பா சென்று வந்தபின், மேற்கின் நகலாக இல்லாத நவீன ஓவியம் எப்படி இருக்கும் என்ற கேள்வி அவரிடம் வலுப்பெற்றது. 1963 முதல் அவர் வரைந்த ‘சொற்களும் குறிகளும்’ வரிசையில் தோப்பும் ஆறும் இல்லை. மலையாள எழுத்தை நினைவூட்டும் வரிவடிவங்கள், சாதகக் கட்டங்கள், கணிதக் குறிகள் ஆகியவையே படத்தை நிரப்பின. கண்ணுக்குத் தெரியும் ஊரைவிட்டு, அவ்வூரார் எழுதிக் கணித்து வைத்த ஏடுகளுக்கு அவர் ஓவியம் நகர்ந்தது எனலாம்.

பத்திக் துணியும் பத்து ஏக்கரும்

பள்ளியில் பயின்று வெளிவந்த மாணவர்களுக்கு வேறொரு கேள்வி இருந்தது. ஓவியம் வாங்குவோர் அக்காலச் சென்னையில் மிகக் குறைவு. விளம்பர நிறுவனத்திலோ பள்ளியிலோ வேலைக்குப் போனால் வரைய நேரம் இராது. போகாவிட்டால் சோறு இராது.

இதற்கு விடையாக ஓவியர் கைவினைச் சங்கம் அமைந்தது. பத்திக் துணி அதன் முதன்மையான சரக்கு. துணியில் உருக்கிய மெழுகால் வரைந்து சாயத்தில் தோய்த்தால், மெழுகு படிந்த இடத்தில் சாயம் ஏறாது. மெழுகு வெடித்த இடங்களில் மட்டும் மெல்லிய கோடுகள் விழும். கோடு வரையும் கைக்கு இது ஏற்ற தொழில். இவ்விற்பனையில் சேர்ந்த பணத்தில் கடலோரத்தில் ஏறத்தாழ பத்து ஏக்கர் மணல் நிலம் வாங்கப்பட்டது. தொடக்கத்தில் எழுந்தவை கூரைக் குடிசைகளே. கைவினைக்கு ஒரு பொழுது, ஓவியத்துக்கு ஒரு பொழுது என்று நாள் பகுக்கப்பட்டது. அரசு உதவியையோ புரவலரையோ நம்பாமல் கலைஞர் வாழ முடியுமா என்பதே இங்குச் சோதிக்கப்பட்டது.

கடலோரத்துக் கலைஞர்கள்

ஜே. சுல்தான் அலி, கே. ராமானுஜம், எம். சேனாதிபதி, பி. கோபிநாத், எஸ். ஜி. வாசுதேவ், பணிக்கரின் மகனும் சிற்பியுமான எஸ். நந்தகோபால் முதலியோர் இக்கிராமத்துடன் இணைந்தவர்கள். கடலருகே வாழ்ந்தும் இவர்களுள் பலர் கடலை அப்படியே வரையவில்லை. சுல்தான் அலி நாட்டார், பழங்குடி வடிவங்களை நாடினார். ராமானுஜம் மையால் கனவு நகரங்களைத் தீட்டினார். 1973இல் அவர் இளவயதிலேயே மறைந்தது கிராமத்துக்குப் பேரிழப்பு. இடம் இவர்களுக்கு வரையும் பொருளாக அமைந்ததைவிட, வரைவதற்கான வாழ்க்கையாகவே அமைந்தது.

இன்றைய நிலை

பணிக்கர் 1977இல் காலமானார். 2009இல் இங்கே சமகாலக் கலை மையம் திறக்கப்பட்டது. சென்னைக் கலை இயக்கத்தின் ஓவியங்களையும் சிற்பங்களையும் அதன் அருங்காட்சியகத்தில் காணலாம். 2011இல் ஈஞ்சம்பாக்கம் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. ஒதுக்குப்புறமான மணல்வெளியாக இருந்த இடத்தைச் சுற்றி இன்று மாடிக் குடியிருப்புகள். அன்று ஓவியர்களால் வாங்க முடிந்த இக்கடற்கரை நிலம், இன்று தொடங்கும் ஓவியருக்கு எட்டாத விலையில் உள்ளது. சோழமண்டலத்தைப் போல இன்னொன்றைத் தென்சென்னையில் எழுப்புவது கடினம் என்பதற்கு இதுவே முதற்காரணம்.