செஞ்சேவலும் சட்டமும்

கண்டி இராச்சியத்திற் சிறையிருந்து 1679இல் தப்பிய றொபேட் நொக்ஸ், நோயுற்றோர் பேய்க்குச் செஞ்சேவல் நேர்ந்ததை 1681இல் வெளிவந்த தம் நூலிற் குறித்துள்ளார். பின்னர், கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களிற் குடியேறிய தமிழரும் காவற்றெய்வங்களுக்குச் சேவல் நேர்ந்தனர். பலியிட்டதைச் சமைத்தும் உண்டனர். இவ்வழக்கத்தினுள்ளே சட்டம் நுழைந்தது 1907இல். விலங்குகளுக்குக் கொடுமை செய்தலைத் தடுக்கும் கட்டளைச்சட்டம் வளர்ப்புப் பறவைகளையும் உள்ளடக்கிற்று. அது விலக்கியது கொலையையன்று. தேவையற்ற கொடுமையுடன் கொல்வதையே. தேவையான கொடுமை என்றும் ஒன்றுண்டோ என வினவத் தோன்றுகிறது! வீட்டு முற்றத்தில் அவ்வெல்லையை வகுப்பது கத்தியே. கழுத்தின் இருபுறக் குருதிக் குழாய்களும் ஒரே அறுப்பில் துண்டிக்கப்படின், மூளைக்குக் குருதி குன்றிப் பறவை விரைவில் உணர்விழக்கும். கத்தி மழுங்கியதாயின் அவ்வேதனை நீளும். அதன் பின்னரும் சிறகடிப்பது நரம்பின் துடிப்பே. அது அடங்குமுன் வெந்நீரில் அமிழ்த்தலாகாது.