முட்டையும் கொழுந்தும்: ஓர் அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் இரு அனுபவங்கள்

வறிய நாடுகளின் முன்னேற்றத்துக்கென வல்லரசுகள் நிறுவிய தாபனங்களின் வரலாற்றை ஆராய்வோர், அவை யாருடைய தேவையிலிருந்து பிறந்தன என்ற வினாவை முதலில் எழுப்புதல் வேண்டும். 1948இல் பிரித்தானியப் பாராளுமன்றம் சட்டமியற்றி உருவாக்கிய குடியேற்றநாட்டு அபிவிருத்திக் கூட்டுத்தாபனம் இதற்குத் தக்க சான்றாகும். அதற்கு முந்திய ஆண்டில் பிரித்தானியா கடுமையான டொலர் நெருக்கடிக்கு உட்பட்டிருந்தது. மலாயாவின் இறப்பரும் பொற்கரையின் கொக்கோவும் ஈட்டிய டொலர்கள் இலண்டனிற் குவிந்து அந்நெருக்கடியைத் தணிக்க உதவின. டொலர் செலவின்றி உணவும் மூலப்பொருளும் பெறுவதற்குக் குடியேற்றநாட்டு நிலங்களை மேலும் பயன்படுத்தலாம் என்ற எண்ணமே கூட்டுத்தாபனத்தின் தோற்றத்துக்கு வலுவான உந்துதலாயிற்று. பத்துக் கோடி பவுண் வரை நீண்டகாலக் கடன் பெறும் அதிகாரம் அதற்கு அளிக்கப்பட்டது. ஆயினும் அது நன்கொடைத் தாபனம் அன்று. தன் வரவு செலவைத் தானே சரிக்கட்ட வேண்டும் என்பது சட்டத்தின் விதி.

அதன் தொடக்ககால முயற்சிகளுள் பெரும் நகைப்புக்கு ஆளானது கம்பியாவில் அமைக்கப்பட்ட யுண்டும் கோழிப்பண்ணையாகும். பிரித்தானியாவில் முட்டை பங்கீட்டு முறையில் வழங்கப்பட்ட காலம் அது. ஆண்டொன்றுக்கு இரண்டு கோடி முட்டைகளையும் பத்து இலட்சம் இறாத்தல் கோழியிறைச்சியையும் அனுப்புவதே நோக்கம். தீனிக்கான தானியத்தை அவ்விடத்திலேயே விளைவிக்கலாம் எனக் கணக்கிட்டனர். மண் அக்கணக்குக்கு இணங்கவில்லை. தீனியை இறக்குமதி செய்ய நேர்ந்தது. நோய் பரவிக் கோழிகள் பெருந்தொகையாக மடிந்தன. 1951இல் திட்டம் கைவிடப்பட்டபோது பிரித்தானியாவை அடைந்திருந்த முட்டைகள் 38,520 மாத்திரமே. ஒரு முட்டைக்கு எத்தனை பவுண் செலவாயிற்று என்று கணக்கிட்டுச் சிரித்தவர் பலர். அந்த மண்ணை அறிந்த கம்பிய விவசாயிக்குத் திட்டத்தில் என்ன இடம் இருந்தது என்று கேட்டவர் சிலரே.

1950இல் தலைமையேற்ற ரீத் பிரபு நட்டமடைந்த திட்டங்கள் பலவற்றை மூடினார். வட்டிச் சுமை குறித்துத் திறைசேரியுடன் ஓயாது வாதிட்டார். சுதந்திரமடைந்த நாடுகளிற் புதிய முதலீடு செய்வதற்கு இருந்த தடை 1963இல் நீங்கியது. தாபனத்தின் பெயரும் பொதுநலவாய அபிவிருத்திக் கூட்டுத்தாபனம் என மாறியது.

கென்யாவில் அது கண்ட அனுபவம் முற்றிலும் வேறானது. வெள்ளையர் தோட்டங்களின் நலன் கருதி, ஆபிரிக்கர் தேயிலை பயிரிடுவது அங்கு நெடுங்காலம் தடுக்கப்பட்டிருந்தது. மௌ மௌ கிளர்ச்சியின் நடுவே, 1954இல் வெளியான சுவின்னெற்றன் திட்டம் இந்நிலையை மாற்றியது. நிலமுள்ள, மனநிறைவுள்ள குடியானவர் கிளர்ச்சிக்குச் செல்லார் என்ற அரசியற் கணிப்பும் அதற்குள் இருந்தது. அதனை மறைத்தல் முறையன்று. 1964இல் அமைந்த கென்யத் தேயிலை அபிவிருத்தி அதிகாரசபைக்குக் கூட்டுத்தாபனமும் உலக வங்கியின் துணைத்தாபனமும் கடன் வழங்கின. கன்றுகள் விவசாயிக்குக் கடனாகக் கொடுக்கப்பட்டன. ஈரிலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிய கொழுந்தே ஏற்கப்பட்டது; முற்றிய இலை திருப்பி அனுப்பப்பட்டது. மாதந்தோறும் ஒரு தொகையும், தேயிலை விற்பனையான பின் ஆண்டிறுதியில் மற்றொரு தொகையும் கிடைத்தன. கட்டுப்பாடு கடுமையானதே. எனினும் நிலமும் செடியும் விவசாயியுடையவை. 1980களின் தொடக்கத்தில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட சிறுநில உடைமையாளர் அதிற் சேர்ந்திருந்தனர். 2000ஆம் ஆண்டின் மறுசீரமைப்பில் தொழிற்சாலைகளின் பங்குகளும் அவர்களைச் சேர்ந்தன.

கடன் கொடுத்த தாபனமோ வேறு வழியிற் சென்றது. 1999ஆம் ஆண்டுச் சட்டம் அதனைப் பங்குக் கம்பனியாக்கியது. 2004இல் அதன் முதலீட்டு முகாமைப் பிரிவு அக்ரிஸ் என்னும் தனி நிறுவனமாகப் பிரிந்தது. அதன்பின் பல்லாண்டுகள் அதன் பணம் தனியார் முதலீட்டு நிதியங்களின் வழியே பாய்ந்தது. 2022 முதல் அதன் பெயர் பிரித்தானிய சர்வதேச முதலீடு என்பதாகும். அபிவிருத்தி என்னும் சொல் அப்பெயரில் இல்லை.