கடத்தப்பட்ட தாத்தாக்கள்

உங்கள் வீட்டுச் சுவரில் மாலை போட்டு மாட்டியிருக்கும் தாத்தா படத்தை, ராத்திரியோடு ராத்திரியாக யாரோ கழற்றிக்கொண்டு போய் விற்றுவிட்டால்? 'படம்தானே, போகட்டும்' என்று விட்டுவிடுவீர்களா?

இந்தோனேஷியாவின் சுலவேசித் தீவில், மலைகளுக்கு நடுவே வசிக்கும் தொராஜா மக்களுக்கு அப்படி ஒன்று நடந்தது.

தொராஜாக்கள் சாவை அவசரப்பட்டு ஒப்புக்கொள்வதில்லை. ஈமச்சடங்கு முடியும்வரை இறந்தவர் வெறும் 'நோயாளி'தான்! எருமைகள் வாங்கி, உறவெல்லாம் கூடி, சடங்கு நடக்க மாதங்கள் ஆகும். சில சமயம் வருஷங்கள்கூட. அதுவரை உடல் வீட்டிலேயே இருக்கும். சாப்பாடும் வைப்பார்கள். பிறகு எருமைகளைப் பலியிட்டு, தடபுடலாக வழியனுப்பி, சுண்ணாம்புப் பாறையில் குடைந்த அறைக்குள் உடலை வைத்து மூடுவார்கள்.

இறந்தவர் பெரிய குடும்பத்துக்காரர் என்றால் இன்னொன்றும் உண்டு. பலா மரத்தில் அவரைப் போல ஓர் உருவம் செதுக்கி, துணி உடுத்தி, பாறையில் வெட்டிய மாடத்தில் நிறுத்துவார்கள். பெயர், 'தாவ் தாவ்'. தாவ் என்றால் மனிதன். துணி நைந்துபோனால் குடும்பத்தார் சடங்கு செய்து புதுசு மாற்றுவார்கள். பொம்மை அல்ல ஐயா, தாத்தா!

1970களில் டூரிஸ்ட்டுகள் வந்தார்கள். பின்னாலேயே வியாபாரிகளின் கண்ணும் அந்த மாடங்கள்மீது விழுந்தது. பழங்குடிக் கலைப்பொருள் சந்தையில் ஒரு விசித்திரமான விதி உண்டு. விற்பதற்கென்றே செய்த பொருளுக்கு மதிப்புக் குறைவு. சடங்கில் நிஜமாகவே புழங்கியிருக்க வேண்டும். மழையிலும் வெயிலிலும் வெளுத்து, விரிசல் விட்ட முகத்துக்குத்தான் கிராக்கி! யோசித்துப் பாருங்கள். யாரோ ஒரு குடும்பம் கைவிட்டால், அல்லது பறிகொடுத்தால்தான் அது 'ஒரிஜினல்'!

மாடங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. 1980களில் தாவ் தாவ்கள் கடல் தாண்டி, மேற்கத்திய சேகரிப்பாளர்களின் வீடுகளில் போய் நின்றன. மிச்சமிருந்தவற்றைச் சில குடும்பங்கள் வீட்டுக்கே கொண்டுபோய்ப் பூட்டிவைத்தன. சில இடங்களில் கம்பிக் கதவு போட்டார்கள். காவல் காக்க வேண்டிய முன்னோர்களுக்கே காவல்! இன்று லெமோ பாறை மாடங்களில் கை நீட்டியபடி நிற்பவற்றில் பல, பிற்பாடு செய்துவைத்த நகல்கள்.

சேகரிப்பெல்லாம் திருட்டு என்று சொல்லவில்லை. முறையாகக் கேட்டு வாங்கியவர்களும், அழிவிலிருந்து காப்பாற்றியவர்களும் உண்டு. ஆனால், அடுத்த தடவை ஏதாவது மியூசியத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மர மனிதரைப் பார்த்தால், கீழே இருக்கும் சீட்டைக் கொஞ்சம் படியுங்கள். என்ன மரம், எந்தத் தீவு, எந்த நூற்றாண்டு எல்லாம் இருக்கும்.

அவர் யாருடைய தாத்தா என்பது மட்டும் இருக்காது.