ரன்-ஃபிளாட் டயர்கள் எவ்வளவு தூரம் உழைக்கும்? ஒருபுறம் மட்டும் தேய்வது ஏன்? - முழு விவரம்

பெங்களூரு: பஞ்சரான பிறகும் குறிப்பிட்ட தூரம் ஓடக்கூடிய 'ரன்-ஃபிளாட்' டயர்கள், பி.எம்.டபிள்யூ., மினி உள்ளிட்ட நிறுவனங்களின் பல கார்களில் பொருத்தப்பட்டு வருகின்றன. பெங்களூருவில் இத்தகைய கார்கள் அதிகம் ஓடும் நிலையில், சாதாரண டயர்களை விட இவை விரைவில் தேய்கின்றன என்பதும், வெளிப்பார்வைக்குப் புதிதாகத் தெரியும் டயரின் உட்புற விளிம்பு மட்டும் வழுவழுப்பாகிவிடுகிறது என்பதும் உரிமையாளர்களின் பொதுவான குறையாக உள்ளது. இதற்கான காரணங்களும் தீர்வுகளும் வருமாறு:

ரன்-ஃபிளாட் டயர் என்றால் என்ன?

சாதாரண டயரில் காரின் எடையைத் தாங்குவது உள்ளே அடைக்கப்பட்ட காற்றுதான். காற்று வெளியேறினால் டயரின் பக்கச்சுவர் மடிந்து, ரிம் தரையில் உராயும். ரன்-ஃபிளாட் டயரில் பக்கச்சுவர் தடித்த ரப்பரால் வலுவூட்டப்பட்டிருப்பதால், காற்று முழுவதும் இறங்கிய நிலையிலும் அது எடையைத் தாங்குகிறது. பொதுவாக மணிக்கு 80 கி.மீ. வேகத்துக்கு மிகாமல் சுமார் 80 கி.மீ. வரை செல்லலாம். காரில் சுமை அதிகமாக இருந்தால் இந்தத் தூரம் குறையும்.

டயரின் பக்கச்சுவரில் உள்ள எழுத்துகளைக் கொண்டு இதனை அடையாளம் காணலாம். பிரிட்ஜ்ஸ்டோன் 'ஆர்.எஃப்.டி.' என்றும், மிஷலின் 'இசட்.பி.' என்றும், கான்டினென்டல் 'எஸ்.எஸ்.ஆர்.' என்றும் குறிப்பிடுகின்றன.

ஆயுட்காலம் எவ்வளவு?

இத்தனை கிலோமீட்டர் என்று எல்லா டயர்களுக்கும் பொருந்தும் ஒரே கணக்கு கிடையாது. எனினும், ஜே.டி. பவர் நிறுவனம் 2013-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடத்திய வாடிக்கையாளர் ஆய்வில், ரன்-ஃபிளாட் டயர்கள் சாதாரண டயர்களை விடச் சராசரியாக 6,000 மைல், அதாவது சுமார் 9,600 கி.மீ. முன்னதாகவே மாற்றப்படுவது தெரியவந்தது.

இந்தியாவில் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, காரின் டயர் பள்ளங்களின் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது. புதிய டயரில் இந்த ஆழம் சுமார் 8 மி.மீ. இருக்கும். எடுத்துக்காட்டாக, 6,000 கி.மீ.க்கு 1 மி.மீ. வீதம் சீராகத் தேயும் டயர் 38,400 கி.மீ. உழைக்கும். அதே டயரின் உட்புற விளிம்பு மட்டும் 4,000 கி.மீ.க்கு 1 மி.மீ. வீதம் தேய்ந்தால், 25,600 கி.மீ.யிலேயே மாற்ற வேண்டிய நிலை ஏற்படும். அப்போதும் வெளிப்புறத்தில் 3.7 மி.மீ. ஆழம் மீதமிருக்கும். எனவே, ஆயுட்காலத்தைக் குறைப்பதில் சீரற்ற தேய்மானத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

சீரற்ற தேய்மானத்துக்குக் காரணங்கள்

காற்றழுத்தம்: அழுத்தம் குறைந்தால் டயரின் இரு விளிம்புகளும், அதிகரித்தால் நடுப்பகுதியும் விரைவாகத் தேயும். சாதாரண டயரில் காற்று குறைந்தால் அது சப்பையாவது கண்ணுக்குத் தெரியும். ரன்-ஃபிளாட் டயரின் பக்கச்சுவர் விறைப்பாக இருப்பதால் அந்த மாற்றம் எளிதில் தெரிவதில்லை. காரில் உள்ள காற்றழுத்தக் கண்காணிப்பு விளக்கும், பொதுவாக அழுத்தம் 20 முதல் 25 சதவீதம் வரை குறைந்த பின்னரே எரியும். 36 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டிய டயர், 29 பி.எஸ்.ஐ.க்கு இறங்கும் வரை எச்சரிக்கையின்றி ஓடிக்கொண்டிருக்கலாம்.

சக்கரக் கோணம்: வளைவுகளில் பிடிமானம் கிடைப்பதற்காகப் பல சொகுசு கார்களின் பின்சக்கரங்கள் மேற்பகுதி சற்று உட்புறம் சாய்ந்தவாறு அமைக்கப்படுகின்றன. இது 'நெகட்டிவ் கேம்பர்' எனப்படுகிறது. இதனால் உட்புற விளிம்பின் மீது சுமை கூடுகிறது. இத்துடன், சக்கரம் நேராக நோக்கும் திசையைக் குறிக்கும் 'டோ' கோணமும் மாறிவிட்டால், டயர் உருள்வதோடு பக்கவாட்டில் இழுபட்டும் தேய்கிறது. உட்புறம் காருக்கு அடியில் மறைந்திருப்பதால், கம்பி வெளியே தெரியும் வரை பலர் கவனிப்பதில்லை.

மாறுபட்ட அளவு: சில கார்களில் பின்சக்கர டயர்கள் முன்சக்கர டயர்களை விட அகலமானவை. இவற்றை முன்பின்னாக மாற்றிப் பொருத்த இயலாது. எஞ்சின் விசை பின்சக்கரங்களுக்குச் செல்லும் கார்களில் பின் டயர்களே முதலில் தேய்கின்றன.

பெங்களூரு சாலைகளின் பங்கு

மழைக்குப் பிந்தைய குழிகளும், உயரமான வேகத்தடைகளும் சக்கரக் கோணத்தை மாற்றிவிடக்கூடியவை. விறைப்பான பக்கச்சுவர் அதிர்ச்சியைக் குறைவாகவே உள்வாங்குவதால், அடி ரிம்முக்கும் சஸ்பென்ஷனுக்கும் செல்கிறது. ஷாக் அப்சார்பர் பழுதடைந்தால் டயரில் ஆங்காங்கே குழிவிழுந்தது போன்ற தேய்மானம் தோன்றும். பக்கச்சுவரில் வீக்கம் காணப்பட்டால் உள் இழைகள் அறுந்துள்ளதாகப் பொருள். அந்த டயரை உடனடியாக மாற்ற வேண்டும்.

டாம்டாம் நிறுவனத்தின் 2022-ஆம் ஆண்டு ஆய்வின்படி, பெங்களூருவின் மையப்பகுதியில் 10 கி.மீ. கடக்கச் சராசரியாக 29 நிமிடம் 10 வினாடி தேவைப்பட்டது. அடிக்கடி நின்று புறப்படுவதும், குறுகிய இடங்களில் ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்புவதும் தேய்மானத்தை அதிகரிக்கும். மறுபுறம், நகருக்குள் மட்டும் குறைவாக ஓடும் கார்களில், பள்ளம் தேய்வதற்கு முன்பே ரப்பர் முதுமையடைந்துவிடும். டயரில் அச்சிடப்பட்டுள்ள நான்கு இலக்க எண் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் குறிக்கிறது. '2321' என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-வது வாரம். 5 ஆண்டுகளைக் கடந்த டயர்களை ஆண்டுதோறும் வல்லுநர்களிடம் காட்டிப் பரிசோதிப்பது அவசியம்.

பஞ்சரானால் என்ன செய்வது?

இந்த வகை கார்களில் பெரும்பாலும் ஸ்டெப்னி இருக்காது. பெங்களூரு - மைசூரு விரைவுச்சாலையில் மண்டியா அருகே பஞ்சரானால், சுமார் 45 கி.மீ. தொலைவில் உள்ள மைசூருவை அடைய முடியும். ஆனால், வேகத்தை உடனே 80 கி.மீ.க்குக் கீழ் குறைக்க வேண்டும்.

காற்றின்றி ஓடிய டயரின் உட்புறம் வெப்பத்தால் சேதமடைந்திருக்கலாம். அது வெளியே தெரியாது. எனவே, அத்தகைய டயருக்குப் பஞ்சர் ஒட்டி மீண்டும் பயன்படுத்துவதைப் பல நிறுவனங்கள் பரிந்துரைப்பதில்லை.

சாதாரண டயருக்கு மாறலாமா?

செலவைக் குறைக்கவும், சொகுசான பயணத்துக்காகவும் சிலர் சாதாரண டயர்களுக்கு மாறுகின்றனர். அவ்வாறு மாறுவோர் நான்கு டயர்களையும் ஒருசேர மாற்ற வேண்டும். இரு வகைகளையும் கலந்து பொருத்தக் கூடாது. டியூப்லெஸ் டயர், பஞ்சர் சரிசெய்யும் கருவி, காற்றழுத்தக் கண்காணிப்பு வசதி ஆகியவை உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என மத்திய அரசு 2020-ஆம் ஆண்டு விதிகளைத் திருத்தியது. ஆகவே, அந்தக் கருவியைக் காரில் வைத்திருப்பது அவசியம். புதிய கார் டயர்களுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டதும் கவனிக்கத்தக்கது.

கவனிக்க வேண்டியவை

* மாதம் இருமுறையும், நெடும்பயணத்துக்கு முன்பும், டயர் குளிர்ந்த நிலையில் காற்றழுத்தத்தை அளக்க வேண்டும். சரியான அளவு ஓட்டுநர் கதவருகே உள்ள ஸ்டிக்கரில் இருக்கும்.
* 10,000 கி.மீ.க்கு ஒருமுறையும், பெரிய குழியில் சக்கரம் இறங்கிய பிறகும் நான்கு சக்கரங்களுக்கும் வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும்.
* பள்ளத்தின் ஆழத்தை உட்புறம், நடு, வெளிப்புறம் என மூன்று இடங்களில் அளக்க வேண்டும். மூன்றில் மிகக் குறைந்த அளவே டயரின் உண்மையான நிலையைக் காட்டும்.